ஊருக்கு ஒரு ஐடியா இருக்கா? மட்டக்களப்பில அத வேலையாக்கிற வழி

மட்டக்களப்பில ஐடியாவுக்குப் பஞ்சமே இல்ல. பின்னேரத்தில கல்லடிப் பழைய பாலத்தில காத்து வாங்க நிக்கிற ஆக்கள்ர கதையக் கொஞ்ச நேரம் கேட்டாலே போதும், காந்திப் பூங்காவ எப்பிடி வச்சிருக்கணும், வாவி கடலோட சேர்ற முகத்துவாரத்தில என்ன செய்யணும், டவுனுக்குள்ள வாகனம் எங்க நிப்பாட்டணும், எல்லாத்துக்கும் ஒரு திட்டம் ரெடியா இருக்கும். 1924ல கட்டின பாலம் அது, நூறு வருசமா எத்தின திட்டம் கேட்டிருக்குமோ தெரியா. பிரச்சின என்னெண்டா அந்தத் திட்டம் ஒண்டும் பாலத்த விட்டு இறங்கி ஒரு ஒஃபிஸ் மேசைக்குப் போய்ச் சேர்றதில்ல. அத எப்பிடிக் கொண்டு போய்ச் சேர்க்கிற, போற வழியில பக்கத்து ஊர் ஆக்களையும் எப்பிடிச் சேர்த்துக்கொள்ற எண்டுதான் இதில எழுதுறன். டவுன் ஆக்களுக்கு மட்டும் இல்ல, காத்தான்குடி, ஏறாவூர், ஆரையம்பதி, வாழைச்சேனை, அங்கால கல்முனை, அக்கரைப்பற்று எண்டு எங்க இருந்தாலும் சரிவரும், ஒஃபிஸ்ர பேர்தான் மாறும்.

முதல்ல ஒரு விசயம். "ஒற்றுமை" எண்டு பேனர் அடிச்சுக் கூட்டம் வைக்காதீங்க. நான் இதுக்கு எதிரி எண்டு நினைக்காதீங்க, ஆனா இப்பிடிக் கூட்டம் எத்தின பாத்தாச்சு, ஐயர் ஒரு உரை, மௌலவி ஒரு உரை, பாதர் ஒரு உரை, ஹாமதுரு, அதான் புத்த பிக்கு, வந்தா அவரும் ரெண்டு வார்த்தை, ரோல்ஸும் டீயும், குரூப் போட்டோ, பஸ் ஏறி வீட்ட போயாச்சு. அங்க வாற ஆக்கள் எல்லாம் ஏற்கனவே ஒற்றுமையா இருக்கிறவங்கதான். சண்டை பிடிக்கிறவன் வாறதே இல்ல. அதுக்குப் பதிலா ஒரு கானப் பிடிங்க. சத்தியமா சொல்றன், ஒரு வடிகான் செய்யிற வேலைய பத்துக் கூட்டம் செய்யாது. தண்ணிக்கு வட்டார எல்லை தெரியாது, இந்தத் தெருவில குப்பையப் போட்டு அடைச்சா அடுத்த ஊர்ப் பள்ளிவாசல் ஒழுங்கையில தண்ணி ஏறும், அங்க ஒருத்தன் வளவுக்கு மண் போட்டு உசத்தினா இஞ்ச கோயில் வீதி முங்கும். அப்ப ரெண்டு பக்கமும் கதைச்சே ஆகணும். கதைக்கப் போகேக்க கோயில் நிர்வாகம் பாக்கிற வண்ணக்கர்ர நம்பர் பள்ளி நிர்வாகத்து ஆள்ர போன்ல ஏறும், அவர்ர நம்பர் இவர்ட்ட வரும். 2019 சித்திரையில சியோன் தேவாலயத்துக் குண்டுக்குப் புறகு ஆளுக்காள் கடைக்குக் கூடப் போகாம இருந்த காலம் எங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அந்த மாதிரி ஒரு நாளில ஒரு வதந்தி கிளம்பினா, "காக்கா, உண்மையா அது?" எண்டு கேக்கிறதுக்கு ஒரு நம்பர் கையில இருக்கணும். அது பேனர்க் கூட்டத்தில கிடைக்காது, சேர்ந்து மண்வெட்டி பிடிச்ச இடத்திலதான் கிடைக்கும்.

என்ன கேள்வி கேக்கிற

ஐடியா சேர்க்கப் போறவங்க செய்யிற வேலை, ஒரு பேப்பரக் குடுத்து "நகர அபிவிருத்திக்கான உங்கள் ஆலோசனை" எண்டு கேக்கிறது. அப்பிடிக் கேட்டா பெரிய மோல் வேணும், மேம்பாலம் வேணும், ரெயில் கெதியா ஓடணும் எண்டு வரும். எல்லாம் நல்லதுதான், ஆனா உங்கட ஒழுங்கையால ஒண்டும் செய்யேலாத விசயம். கேள்விய ஆள்ர வாசலுக்கு இறக்குங்க. "போன மாரியில உங்கட வாசல்ல தண்ணி எத்தின நாள் நிண்டது? எந்தப் பக்கத்தால வந்தது? எங்க போச்சு?" இத மட்டும் கேளுங்க. அல்லது "இருட்டினாப் புறகு எந்த இடத்தால உங்கட பொம்பளப் புள்ளைகளத் தனியா விட மாட்டீங்க?" இந்தக் கேள்விக்கு ஆம்பிளைகள்ட்ட விட பொம்பளைகள்ட்டதான் சரியான பதில் இருக்கும், டியூஷன் விட்டு வாற புள்ளைகள்ட்டயும் கேளுங்க, எந்த லைட் எரியுது எந்த லைட் எரியல்ல எண்டு அதுகளுக்கு அத்துப்படி.

புறகு ஒரு பிரிஸ்டல் போட், ரெண்டு மார்க்கர். ஒழுங்கை, கான், மதகு, பள்ளமான வளவு எல்லாத்தையும் கீறுங்க, தண்ணி போற பக்கத்துக்கு நீலத்தால அம்புக்குறி போடுங்க. வடிவா வரணும் எண்டில்ல. இதில ஒரு விசேசம் என்னெண்டா, கூட்டத்தில வாய் திறக்காத ஆள் கூட படத்தில ஒரு பிழையக் கண்டா சும்மா இருக்க மாட்டார். ஒரு பெரியம்மா எழும்பி வந்து விரல வச்சு, "இல்ல மனே, அந்தத் தண்ணி இப்பிடிப் போறல்ல, முந்தி இதில ஓடை ஒண்டு இருந்தது, 78 சூறாவளிக்குப் புறகுதான் அத மூடி வேலி போட்டாங்க, இப்ப தண்ணி கிறுகி இஞ்சாலதான் வருது" எண்டு சொல்லுவா. எந்த இஞ்சினியர்ர பிளானிலயும் இந்த விசயம் இருக்காது. அத அப்பிடியே படத்தில எழுதுங்க. ஆர் சொன்னது எண்டும் எழுதுங்க, அவ அடுத்த கூட்டத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வருவா.

மழை பெய்யிற அண்டைக்கு போட்டோ எடுக்கிறது முக்கியம். எங்கட பக்கம் வருசத்து மழையில பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி தை வரைக்கும் கொட்டித் தீர்க்கும், மத்த மாசம் போய்க் காட்டினா ஒஃபிஸர் "இதிலயா தண்ணி நிக்கிற?" எண்டு கேப்பார், கேள்வி நியாயமும்தான், காஞ்ச கானப் பாத்தா ஆருக்கு விளங்கும். அதால தண்ணி நிக்கேக்க ஒரு கம்பையோ அளவு நாடாவையோ வச்சு உயரம் தெரியிற மாதிரி எடுங்க, பின்னால ஒரு கடையோ கோயில் மதிலோ தெரியணும், அப்பதான் இடம் இதுதான் எண்டு மறுகா ஆரும் மறுக்கேலாது. முடிஞ்சா லைட் போஸ்ட்டில தண்ணி நிண்ட மட்டத்துக்கு பெயின்டால ஒரு கோடு, பக்கத்தில திகதி. ரெண்டு மூண்டு மாரி போனா அந்தக் கோடுகளே கதை சொல்லும்.

கூட்டம் எப்ப, எங்க

இது சின்ன விசயமாத் தெரியும், ஆனா பாதிக் கூட்டம் குழம்பிறது இதிலதான். வெள்ளி மத்தியானம் வைக்காதீங்க, நோன்பு மாசத்துப் பின்னேரம் வைக்காதீங்க. வைகாசியில கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற கிழமை எங்கட ஆக்கள் ஒருத்தரும் வர மாட்டாங்க. ஞாயிறு விடிய கிறிஸ்தவ ஆக்களுக்குப் பூசை. வெட்டுக் காலத்தில வயல்காரர் வயல்லதான் கிடப்பாங்க. ராத்திரி வலைக்குப் போறவங்க விடிஞ்சாப் புறகுதான் படுப்பாங்க, அவங்கள ஒம்பது மணிக்கு எழுப்பிக் கூப்பிட்டா நல்ல வார்த்தை கேக்க மாட்டீங்க. சனி பின்னேரம் நாலு மணி ஓரளவுக்கு எல்லாருக்கும் சரிவரும். இடத்தப் பொறுத்தவரை, முதல் கூட்டத்த கோயில் மண்டபத்திலயும் வேணாம், பள்ளிவாசல்லயும் வேணாம், ஸ்கூலோ விளையாட்டுக் கழகக் கட்டடமோ நூலகமோ பாருங்க. ரெண்டாவது மூண்டாவது கூட்டத்த மாறி மாறி வைக்கலாம், அப்ப ஒருத்தர்ர இடத்துக்கு ஒருத்தர் போறது சாதாரணமாயிடும்.

ஆரக் கூப்பிடணும்? ஆர்டிஎஸ் எண்ட கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், மரணாதாரச் சங்கம், கழகத்துப் பெடியன்மார், கோயில் பள்ளி சேர்ச் நிர்வாகம். இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். மறக்கிறது ஆர எண்டா ஓட்டோக்காரர், மீன் கொண்டு திரியிற ஆக்கள், குப்பை ட்ராக்டரில வேலை செய்யிறவங்க. ஊர்ல எந்த மூலையில என்ன கிடக்குது எண்டு இவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி மேயருக்கும் தெரியாது. டவுனில பறங்கிக் குடும்பங்கள் இருக்கு, சிங்களக் குடும்பங்கள் இருக்கு, எண்ணிக்கை குறைவு எண்டதால விட்டுடாதீங்க, ஒரு போன் கோல் தானே.

இது ஆர்ர ரோட்டு?

இதுலதான் பெரும்பாலான ஐடியா சாகிறது. மாநகர சபைக்குப் போவீங்க, "இது எங்கட ரோட்டில்ல" எண்டு சொல்லுவாங்க, மத்த ஒஃபிஸுக்குப் போவீங்க, அவங்க "கானா? அது சபைக்குத்தான்" எண்டு திருப்பி அனுப்புவாங்க, ரெண்டு கிழமை நாசம். அதால போறதுக்கு முதலே தெரிஞ்சு கொள்ளுங்க. ஏ, பீ வகுப்பு ரோட்டு எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, அதாவது கல்முனைப் பக்கம் போற ஏ4, திருகோணமலைக்குப் போற ஏ15 மாதிரி. அதுக்குக் கீழ சீ, டீ வகுப்பு மாகாணத்துக்கு. உள் ஒழுங்கை, அதோட வாற கான், குப்பை, தெருலைட் எல்லாம் மாநகர சபைக்கு, நகர சபைக்கு அல்லது பிரதேச சபைக்கு. போஸ்ட் மின்சார சபையோட, அதில எரியிற லைட் சபையோட, இது நிறையப் பேருக்குத் தெரியா. குடிதண்ணிக் குழாய் உடைஞ்சா நீர்வழங்கல் சபை, 1939க்கு அடிக்கலாம், கரண்ட் பிரச்சினைக்கு 1987. குளத்து வாய்க்கால் எண்டா நீர்ப்பாசனம், கடற்கரை எண்டா கரையோரப் பேணல்.

எங்கட மாவட்டத்தில ஒரு மாநகர சபை, காத்தான்குடியும் ஏறாவூரும் ரெண்டு நகர சபை, ஒம்பது பிரதேச சபை, எல்லாமாப் பன்னிரண்டு. அதோட பதினாலு டீஎஸ் ஒஃபிஸ், அதாவது பிரதேச செயலகம். உங்கட கான் ஒரு சபையில தொடங்கி இன்னொரு சபையில முடியுதா எண்டு பாருங்க, நாவற்குடா காத்தான்குடி ஆரையம்பதி எண்டு ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடக்கிற இடத்தில இது சாதாரணம். அப்பிடியெண்டா ரெண்டு சபைக்கும் ஒரே நாளில ஒரே லெட்டர் போகணும், ரெண்டு ஊர்க்காரரும் கையெழுத்து வச்சு. தனித்தனியாப் போட்டா ஒருத்தர ஒருத்தர் காட்டித் தப்பிருவாங்க. சந்தேகமா இருந்தா ஜீஎஸ்ட்ட, அதான் கிராம சேவகர்ட்ட, கேளுங்க, அவருக்குத் தெரியும், தெரியாட்டியும் ஆர்ட்டக் கேக்கணும் எண்டு தெரியும்.

லெட்டர்

ஒரு லெட்டர்ல ஒரு விசயம். கான், லைட், நாய், குப்பை எல்லாத்தையும் ஒண்டா எழுதினா நாலு பிரிவுக்கும் போகாம ஒரு பைலுக்குள்ள படுத்திடும். இடம் எது, என்ன பிரச்சின, எத்தின வீடு, என்ன செய்யணும், எங்களால என்ன தர முடியும். கடைசியாச் சொன்னத விட்டுடாதீங்க, "மண் அள்ளுறதுக்கு இருபது பேர் வாறம், பெக்கோ மெசின் மட்டும் தாங்க" எண்டு எழுதினா வாசிக்கிற ஆள் நிமிர்ந்து உக்காருவார். படமும் மழை நாள் போட்டோவும் பின்னால குத்துங்க. ரெண்டு கொப்பி கொண்டு போங்க, ஒண்டக் குடுத்து மத்ததில திகதி சீல் அடிச்சு வாங்கிட்டுத்தான் படி இறங்கணும். "வச்சிட்டுப் போங்க தம்பி, பாப்பம்" எண்டு அன்பாச் சொல்லுவாங்க, நீங்களும் அன்பாவே நில்லுங்க, "சேர், ஒரு சீல் மட்டும்" எண்டு. சீல் இல்லாத லெட்டர் குடுக்காத லெட்டர்.

பதில் வராட்டி கத்தத் தேவையில்ல. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, 2017 மாசியிலருந்து நடைமுறையில. எல்லா அரச ஒஃபிஸிலயும் தகவல் அலுவலர் ஒராள் இருக்கணும். தமிழ்லயே எழுதலாம், ஏன் கேக்கிறன் எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல. குடுத்து 14 வேலை நாளுக்குள்ள தருவமா இல்லையா எண்ட முடிவு சொல்லணும், சொல்லாட்டி அதே நிறுவனத்தில மேல்முறையீட்டுக்கு எண்டு ஒரு அதிகாரி இருப்பார், அவரும் சரிவராட்டி கொழும்பில ஆணைக்குழு. "ஏன் எங்கட ரோட்டப் போடல்ல?" எண்டு கேக்காதீங்க, அது தகவல் இல்ல, சண்டை. "இந்த வீதிக்கு இந்த வருசம் எவ்வளவு ஒதுக்கின, எஸ்டிமேட் கொப்பி, ஆருக்குக் கொந்தராத்து, எவ்வளவு குடுத்து முடிஞ்ச" எண்டு கேளுங்க. ஒரு இடத்தில மாசக்கணக்கா நகராத பைல் இந்தப் பேப்பர் போனாப் புறகு நகர்ந்தத நானே பாத்தன், ஒஃபிஸ்ர பேர் வேணாம்.

காசு விசயத்தில நேரம் முக்கியம். சபைகள் அடுத்த வருசப் பாதீட்ட மார்கழி முடியிறதுக்குள்ள நிறைவேத்தணும். நாங்க தண்ணி ஏறினாப் புறகு கார்த்திகையிலதான் ஓடிப் போறம், அப்ப எல்லாம் எழுதி முடிஞ்சிரும். ஆவணி புரட்டாதியிலயே உங்கட லெட்டர் உள்ள இருக்கணும், உங்கட வட்டார உறுப்பினர்ட்ட ஒரு கொப்பி, எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருத்தர்ட்டயும் ஒரு கொப்பி. மாசம் ஒருக்காச் சபை கூடும், கலரியில போய் இருந்து பாக்கலாம், அஞ்சு பேர் வெள்ளைச் சேட் போட்டு வந்து அமைதியா இருந்தாலே உள்ள கதை கொஞ்சம் மாறும்.

ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தா

எல்லா ஐடியாவும் எல்லாருக்கும் நல்லது எண்டு நினைக்கிறது பெரிய பிழை. முகத்துவாரத்த எடுங்க. மாரியில உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் எண்டு குளங்கள் நிரம்பி வான் பாயும், எல்லாத் தண்ணியும் வாவிக்குத்தான் வரும், முகத்துவாரத்தில மண் மூடிக் கிடந்தா தண்ணி பின்வாங்கி வாவிக்கு மேற்க இருக்கிற படுவான்கரை வயல் முங்கும். வயல்காரன் "வெட்டு, இண்டைக்கே வெட்டு" எண்டு நிப்பான், ஏனெண்டா வேளாண்மை கிழமைக்கணக்கா தண்ணிக்குள்ள கிடந்தா அழுகிப் போகும், அவன்ர கடன் அழுகாது. வாவியில மீன் இறால் பிடிக்கிறவன் "அவசரப்படாதீங்க" எண்டு நிப்பான், நேரத்தோட வெட்டினா தண்ணி இறங்கி, மீனும் இறாலும் கடலுக்குப் போயிரும், உப்புத்தண்ணி ஏறும். ரெண்டு பேரும் பொய் சொல்லல்ல. கடல் பக்கம், எழுவான்கரையில இருக்கிற எங்களுக்கு வாசல்ல தண்ணி வந்தாத்தான் இந்தக் கதையே தெரியும்.

இந்த மாதிரி விசயத்துக்கு கை தூக்கி வோட் எடுக்காதீங்க. ஆக்கள் கூடின பக்கம் வெல்லும், மத்தப் பக்கம் அடுத்த கூட்டத்துக்கு வராது, அவ்வளவுதான். முதல்ல ஒவ்வொரு பக்கத்தையும் மத்தப் பக்கத்தின்ர நட்டத்தச் சொல்லச் சொல்லுங்க. வயல்காரர் எழும்பி மீன்காரனுக்கு என்ன போகும் எண்டு சொல்லணும், மீன்காரர் வயலுக்கு என்ன போகும் எண்டு சொல்லணும். முதல்ல சிரிப்பாங்க, புறகு கதை வேற மாதிரிப் போகும். அடுத்தது, வெள்ளம் வந்தாப் புறகு கதைக்காதீங்க, ஆடி ஆவணியில கதைங்க, எந்த அளவுக்குத் தண்ணி வந்தா வெட்டிற எண்டு ரெண்டு பக்கமும் ஒத்துக்கொள்ற மட்டம் ஒண்ட எழுதி கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குக் குடுங்க. முடிவு அவங்கதான் எடுக்கிற, ஆனா ரெண்டு பக்கமும் கையெழுத்து வச்ச ஒரு பேப்பரத் தூக்கி ஒதுக்கி வைக்கிறது ஆருக்கும் லேசில்ல. ஒழுங்கைக்குள்ள வேலிச் சண்டைக்கும், சந்தை எங்க வாற எண்ட சண்டைக்கும் இதே வழிதான்.

வாட்ஸ்அப் குரூப்

வேணும், ஆனா ரெண்டு குரூப்பா வைங்க. ஒண்டு வேலைக்கு, அதில திகதி, இடம், போட்டோ, ஆர் என்ன கொண்டு வாற, இவ்வளவுதான். மத்தது காலை வணக்கத்துக்கும் மரண அறிவித்தலுக்கும். எண்டாலும் வேலைக் குரூப்பில ரோசாப்பூ வரும், அத நிப்பாட்ட ஏலாது, பேசாம விடுங்க. ஒரு விசயத்தில மட்டும் இறுக்கமா இருங்க, இன்னொரு சமூகத்தப் பத்தி ஆரோ அனுப்பினது எண்டு வோய்ஸ் கட் வந்தா, போட்ட ஆளே அந்த ஊர்க்காரர் ஒருத்தருக்கு போன் எடுத்துக் கேட்டு பதிலக் குரூப்பில போடணும், இல்லாட்டி அழிக்கணும். அட்மின் மூண்டு பேர், மூண்டு பக்கத்திலருந்தும். அதில ஒருத்தராவது பொம்பளையா இருக்கணும்.

சிரமதானம் முடிஞ்சாப் புறகு

எல்லாரும் சிரமதானத்தோட முடிஞ்சிது எண்டு நினைக்கிறாங்க. கானால அள்ளின மண்ணையும் சொப்பிங் பேக்கையும் கரையிலயே குவிச்சு வச்சிட்டுப் போவாங்க, அடுத்த மழையில அவ்வளவும் திரும்ப உள்ள. ட்ராக்டர் எத்தின மணிக்கு வரும் எண்டு சபைட்ட உறுதி எடுக்காம மண்வெட்டியத் தொடவே வேணாம். நுளம்புக்கு எண்டு துப்புரவு செய்யிறதெண்டா ஒரு நாள் செய்து விட்டா பிரயோசனமில்ல, முட்டை நுளம்பாகிப் பறக்க ஒரு கிழமை பத்து நாள் போதும், அதால கிழமைக்கு ஒருக்கா வீடு வீடா பத்து நிமிசம், யோகட் கப், சிரட்டை, பூச்சாடித் தட்டு, ப்ரிஜ்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு. பீஎச்ஐட்ட, அதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்ட்ட, சொன்னா ஒரு நாள் வந்து எங்க பாக்கணும் எண்டு காட்டித் தருவார்.

காசு சேர்த்தா ரெண்டு பேர் கையெழுத்து, ரெண்டு ஊர்க்காரர். கணக்க ஏ4 பேப்பரில எழுதி டீக்கடைச் சுவரில ஒட்டுங்க, பிளேன்டீ குடிக்க வாறவன் எல்லாம் ஓடிற்றர்தான். சாமான் ஆர்ட்ட இருக்கு எண்டும் அதிலயே எழுதுங்க, வீல் பரோ ஒண்டு காணாமப் போய் அதால ரெண்டு தெரு கதைக்காம விட்ட ஊரும் இருக்கு.

இப்ப தொடங்கப் போறவங்க மாசத்தப் பாத்துத் தொடங்குங்க. மாசி தொடக்கம் வைகாசி வரைக்கும் எண்டா படம் கீறுங்க, பெரிய ஆக்கள்ட்டக் கேளுங்க, கானுக்குள்ள இறங்கி நடந்து மதகு எங்க அடைச்சிருக்கு எண்டு பாருங்க, காஞ்சு கிடக்கிறதால நல்லாத் தெரியும். ஆனி ஆடி எண்டா ரெண்டு ஊரையும் ஒரு மேசையில இருத்துங்க. ஆவணி புரட்டாதி எண்டா லெட்டர். ஐப்பசி வந்துட்டுது எண்டா லெட்டர் எழுத இருக்காதீங்க, இருக்கிற ஆக்களக் கூட்டிக்கொண்டு அடைச்ச மதகத் துறங்க. கார்த்திகை மார்கழி எண்டா ஒண்டும் வேணாம், போனுக்குச் சார்ஜ் போட்டு வச்சு தண்ணி வாற நேரம் போட்டோ எடுங்க.